என் மாணவியைக் குறுக்கு விசாரணை செய்த நாள்

இந்த வருஷம் பதிவு செய்துகொண்டு ஊட்டி கோர்ட்டுக்கு வந்திருக்கும் உங்களுக்குத் தொழில் நெறி பற்றி நாலு வார்த்தை எழுதித் தரும்படி கேட்டார்கள். விதிகளை நீங்கள் பரீட்சைக்குப் படித்திருப்பீர்கள். பரீட்சை முடிந்த மறுநாளே மறந்தும் இருப்பீர்கள். நானும் அப்படித்தான் இருந்தேன். ஆகவே விதிகளை விட்டுவிட்டு ஒரு வழக்கைச் சொல்கிறேன்.

அதற்கு முன் ஒன்று. கட்சிக்காரர் நம்மிடம் சொன்னதை அவர் சம்மதம் இல்லாமல் வெளியே சொல்லக் கூடாது. நெறியைப் பற்றி எழுதுகிறேன் பேர்வழி என்று நெறியை நானே மீறினால் நன்றாகவா இருக்கும்? அந்த வழக்கில் என் கட்சிக்காரர் ஒரு டிரைவர். அவரிடம் கேட்டேன். "எழுதுங்க மேடம். வண்டிய எடுக்க மாட்டேன்னு சொன்னதையும் எழுதுங்க, கடைசீல எடுத்ததையும் எழுதுங்க" என்றார். அப்போது என்னிடம் பயிற்சியில் இருந்த மாணவியிடமும் எழுதியதைக் காட்டினேன். அவளைப் புகழ்ந்திருந்த ஒரு பத்தியை அடித்துவிட்டு மீதியைத் திருப்பிக் கொடுத்தாள். அவள் பெயரைச் சாந்தினி என்று வைத்துக்கொள்ளுங்கள். நிஜப் பெயர் வேறு.

நான் அருவங்காடு தொழிற்சாலைக் குவார்ட்டர்ஸில் வளர்ந்தவள். சின்ன வயதிலிருந்தே எனக்கு வாய் அதிகம். வாய்தான் வக்கீலின் மூலதனம் என்று நம்பித்தான் இந்தத் தொழிலுக்கு வந்தேன். பேசக் கற்றுக்கொள்ள எனக்கு நாளாகவில்லை. வாயை மூடக் கற்றுக்கொள்ளத்தான் பாதி ஆயுள் போயிற்று. என் சீனியர் அடிக்கடி ஒன்று சொல்வார்: "குறுக்கு விசாரணையில எழுந்திருக்க எல்லாருக்கும் தெரியும். எப்ப உக்காரணும்னு தெரிஞ்சவன்தான் வக்கீல்." அதை நான் ஒரு தந்திரமாக மட்டுமே புரிந்துகொண்டிருந்தேன்.

சாந்தினி கூடலூர் தாண்டி, ஓவேலிப் பக்கத்து எஸ்டேட் ஒன்றிலிருந்து வந்தவள். அவள் தாத்தா தலைமுறை இலங்கைத் தோட்டங்களிலிருந்து திரும்பி வந்து இங்கே மறுபடியும் தேயிலைச் செடிக்கு நடுவிலேயே குடியமர்ந்தவர்கள். லயத்து வீடுகளில் இருந்து சட்டம் படிக்க வந்த முதல் பெண் அவள்தான். லயம் என்றால் வரிசையாக ஒட்டிக் கட்டிய தொழிலாளர் வீடுகள். விடுமுறையில் என் அலுவலகத்துக்குப் பயிற்சிக்கு வந்தாள். கேள்வி கேட்டுக்கொண்டே இருப்பாள். 'உன்னை வைத்துக்கொண்டு என்னால் ஒரு வழக்கும் படிக்க முடியவில்லை' என்று அவளைக் கடிந்திருக்கிறேன். மனசுக்குள் சந்தோஷமாகத்தான் இருக்கும்.

பயிற்சி பாதியில் இருக்கும்போது அவளுடைய சின்னம்மா, அதாவது அம்மாவின் தங்கை, எஸ்டேட்டில் விபத்தில் இறந்துபோனார். சாந்தினி ஊருக்குப் போய்க் காரியமெல்லாம் முடித்துவிட்டுத் திரும்பி வந்தாள். கேள்வி கேட்பதை நிறுத்தியிருந்தாள். துக்கம் என்று நினைத்து நானும் விட்டுவிட்டேன்.

ஒரு மழை நாளில் ஒரு பெண் கூடலூர் பஸ்ஸிலிருந்து இறங்கி நேராக என் அலுவலகத்துக்கு வந்தார். சேலை முழங்கால் வரை நனைந்திருந்தது. அவர் கணவர் எஸ்டேட்டில் கொழுந்து ஏற்றும் வண்டி ஓட்டுகிறவர். தூரத்து மலைக்குக் கொழுந்து பறிக்கப் போகும் பெண்களை அதே வண்டியில்தான் ஏற்றிப் போவார்கள். அப்படிப் போகும்போது வளைவில் வண்டி கவிழ்ந்து ஒரு பெண் இறந்துவிட்டார், சிலருக்குக் கை கால் முறிவு. டிரைவர் குடித்துவிட்டு ஓட்டினார் என்று எஸ்டேட் சூப்பர்வைசர் புகார் கொடுத்திருந்தார். லேசில் ஜாமீன் கிடைக்காத பிரிவில் வழக்குப் போட்டு டிரைவரை உள்ளே வைத்துவிட்டார்கள்.

"ஏனுங்க மேடம், எங்க ஊட்டுக்காரரு குடிக்கறவரே இல்லைங்க. கூடலூர்ல ஒரு வக்கீலும் கேச எடுக்க மாட்டேங்கறாங்க. செத்தவங்க பாவம், உன்ற புருசனுக்கு எவன் வருவான்னு கேக்கறாங்க. திடீர்னு பிரேக் போயிருச்சுங்க, அவரு என்ன பண்ணுவாரு?"

சாந்தினி பக்கத்து மேசையில் குறிப்பெடுத்துக்கொண்டிருந்தாள். பேனாவைக் கீழே வைத்தாள். "மேடம், ஒரு நிமிஷம்" என்று என்னை வராந்தாவுக்கு அழைத்துப் போனாள்.

"அந்த வண்டில செத்தது எங்க சின்னம்மா."

நான் உள்ளே போய் அந்தப் பெண்ணிடம் அதை அப்படியே சொன்னேன். இறந்தவரின் அக்கா மகள் என் அலுவலகத்தில் இருக்கிறாள். நான் வழக்கை எடுத்தாலும் அவள் அதைத் தொடமாட்டாள். இதற்கு மேலும் உங்களுக்கு மனம் ஒப்பவில்லை என்றால் வேறு நல்ல வக்கீலைக் காட்டுகிறேன் என்றேன். டிரைவரின் மனைவி சாந்தினியை வெகுநேரம் பார்த்தார். "உங்க சின்னம்மா எங்க ஊட்டுக்கெல்லாம் வந்து போனவங்க கண்ணு" என்று சொல்லி அழுதுவிட்டார். பிறகு என்னிடம், "இதுக்கு மேல நான் எங்கீங்க போவேன், நீங்களே பாருங்க" என்றார்.

வழக்கை எடுத்துக்கொள்கிறேன் என்றேன். கொலைகாரனுக்கே வக்கீல் உண்டு என்று பாடப்புத்தகத்தில் படிப்பது சுலபம். இறந்தவர் வீட்டுப் பெண் பத்தடி தள்ளி நின்றுகொண்டிருக்கும்போது அதைச் சொல்வது சுலபமில்லை.

அன்று அலுவலகத்தைப் பூட்டப்போகும் சமயம் சாந்தினி வந்து நின்றாள். "மேடம், அன்னிக்குக் காலையில சின்னம்மா எனக்குப் போன் பண்ணாங்க. எனக்கு ஒண்ணு தெரியும். சொல்லட்டுமா?"

"சொல்லாதே" என்றேன்.

அவள் முகம் சுருங்கிப்போயிற்று. நான் சொன்ன காரணத்தை உங்களுக்கும் சொல்கிறேன், ஏனென்றால் இந்த இடத்தில்தான் நீங்கள் வழுக்குவீர்கள். அவள் சொல்லப்போவது என் கட்சிக்காரருக்குச் சாதகமா பாதகமா என்று எனக்குத் தெரியாது. சாதகமாக இருந்தால், தன்னிடம் பயிற்சி எடுக்கும் பெண்ணையே வக்கீல் சாட்சியாகத் தயார் செய்துவிட்டாள் என்று நாளை கோர்ட்டில் சொல்வார்கள். பாதகமாக இருந்தால், அவள் வாயை நானே அடைத்ததாக ஆகும். எல்லாவற்றையும்விடப் பெரிய விஷயம், அவள் பயிற்சிச் சான்றிதழில் கையெழுத்துப் போடுகிறவள் நான். நான் கேட்டால் அவள் எப்படி இல்லை என்பாள்?

மேசைக்குப் போய் சான்றிதழில் கையெழுத்துப் போட்டு அப்போதே அவள் கையில் கொடுத்தேன். "இனி என் தயவு உனக்கு வேண்டாம். குன்னூரில் ஒரு வக்கீலம்மா இருக்காங்க. எனக்குச் சொந்தமும் இல்லை, பகையும் இல்லை. நாளைக்கு அவங்ககிட்டப் போய் உனக்குத் தெரிஞ்சதைச் சொல்லு. வெளியே சொன்னா உனக்கும் உன் குடும்பத்துக்கும் என்ன ஆகும்னு கேளு. அப்புறம் நீயே முடிவு பண்ணு. இங்கே இன்னிக்கு நீ கேட்டதை மட்டும் எங்கேயும் சொல்லாதே. அது டிரைவர் சம்சாரத்தோட பேச்சு. உனக்குத் தெரிஞ்சது உன்னோட பேச்சு. வழக்கு முடியற வரைக்கும் என்னைப் பார்க்க வராதே."

அவள் குடையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. எனக்கு ரொம்பவும் கஷ்டமாக இருந்தது.

கோர்ட்டில் விஷயம் தெரிந்த நண்பர் ஒருவர் சிரித்தார். "கையில வெண்ணெய வெச்சுக்கிட்டு நெய்க்கு அலையறீங்களே மேடம். அந்தப் பொண்ணு அதே லயத்துக்காரி. ரெண்டு வார்த்த அன்பாக் கேட்டா எல்லாம் வந்துருமே?" அவர் கெட்டவர் இல்லை. அவர் சொன்னபடி செய்திருந்தால் என் கட்சிக்காரர் சீக்கிரமே வெளியே வந்திருக்கவும் கூடும். அந்த எண்ணம் எனக்கும் வராமல் இல்லை.

டிரைவரைச் சிறையில் பார்த்தேன். கனத்த உடம்புக்காரர், குரல் மட்டும் எழும்பவே இல்லை. "பிரேக் திடீர்னு போகலைங்க மேடம். மொத நாளே புடிக்கல. எடுக்க மாட்டேன்னு சொன்னனுங்க. எடுக்கலைன்னா சாவியக் குடுத்துட்டுக் குவார்ட்டர்ஸக் காலி பண்ணுன்னாரு சூப்பர்வைசரு. புள்ளைங்க ரெண்டும் பள்ளிக்கூடம் போகுதுங்க. எடுத்துட்டனுங்க."

சிக்கல் உங்களுக்குப் புரிந்திருக்கும். குடித்தார் என்ற பழி பொய். ஆனால் பிரேக் இல்லை என்று தெரிந்தே ஆட்களை ஏற்றிக்கொண்டு ஓட்டியது உண்மை. அந்த உண்மை அவரைப் பெரிய குற்றத்திலிருந்து காப்பாற்றும், சின்னக் குற்றத்தில் மாட்டிவிடும். 'உண்மையை நீங்க சொன்ன பிறகு, பிரேக் திடீர்னு போச்சுன்னு நான் கோர்ட்ல வாதாட முடியாது' என்றேன். 'உங்க சம்மதம் இல்லாம உண்மையையும் நான் வெளியே விடமாட்டேன்' என்றும் சொன்னேன். அவர், "நீங்க பொய் சொல்ல வேண்டாங்க" என்றார். கொஞ்ச நாளில் ஜாமீன் வாங்கினேன். எஸ்டேட் அவரை வேலையில் சேர்க்கவில்லை.

இதற்கிடையில் சாந்தினி, குன்னூர் வக்கீலம்மாவுடன் போய்ப் போலீசில் வாக்குமூலம் கொடுத்துவிட்டாள். இறந்துபோனவர் தன் சாவுக்குக் காரணமான நிகழ்வைப் பற்றிச் சொன்னதைக் கோர்ட் ஏற்கும். அந்த வார்த்தை சாந்தினியிடம் மட்டும்தான் இருந்தது. அதன் விலை என்ன என்பது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. சின்னம்மாவின் மகளுக்கு எஸ்டேட் ஆபீசில் வேலை தருவதாகச் சொல்லியிருந்தார்கள், சூப்பர்வைசர் பெயரை யாரும் எடுக்கக் கூடாது என்ற நிபந்தனையோடு. லயத்தில் எல்லாரும் கூடிப் பேசி ஒப்புக்கொண்டுமிருந்தார்கள். வண்டியில் இருந்த பெண்கள் ஒருவரும் வாய் திறக்காததற்குக் காரணம் அதுதான். சாந்தினி பேசியதும் அந்த வேலை போயிற்று. அம்மா அவளோடு பேசுவதை நிறுத்திவிட்டார். அவள் தன் வீட்டுக்குப் போனால் பக்கத்து வீடுகளில் கதவைச் சாத்திக்கொண்டார்களாம்.

வழக்கு விசாரணைக்கு வர ஒரு வருஷத்துக்கு மேல் ஆயிற்று. அரசுத் தரப்புச் சாட்சியாகச் சாந்தினி கூண்டில் ஏறினாள். டிரைவருக்கு வக்கீல் நான். அவளைக் குறுக்கு விசாரணை செய்ய வேண்டியவளும் நானே.

உள்ளே போவதற்கு முன் டிரைவரின் மனைவி வாசலில் என்னை நிறுத்தினார். "மேடம், அந்தப் பொண்ணு பிரேக்கப் பத்திச் சொல்லப் போகுதுங்க. அந்த மலைல போன் சிக்னலே கெடைக்காது, பாதிப் பேச்சு வராதுங்க. நீ கேட்டதே தப்புன்னு அடிச்சுக் கேளுங்க. சின்னப் பொண்ணு, ஒடஞ்சு போயிரும். அவரு முழுசா வெளிய வந்துருவாருங்க."

அவர் சொன்னது நடக்கக்கூடியதுதான். சிக்னல் அங்கே மோசம் என்பதும் உண்மை. அவளைப் பத்து நிமிஷத்தில் என்னால் குழப்பியிருக்க முடியும். ஆனால் அவள் சொல்லப்போவது உண்மை என்று என் கட்சிக்காரர் வாயாலேயே எனக்குத் தெரியும். உண்மை பேசுகிறவளைப் பொய்க்காரி ஆக்க நான் கறுப்புக் கோட்டுப் போடவில்லை. "முடியாதுங்க" என்றேன். அந்த அம்மா என்னைப் பார்த்த பார்வையை என்னால் இன்றும் மறக்க முடியவில்லை.

சாந்தினி பிரமாணம் எடுத்தாள். கடைசி வரிசையில் அவள் அம்மா உட்கார்ந்திருந்தார். தங்கையைக் கொன்றவனுக்குத் தண்டனை கிடைப்பதைப் பார்க்க வந்தவர், மகளைப் பார்க்க வந்தவர் இல்லை.

அரசு வக்கீல் கேட்கக் கேட்கச் சொன்னாள். "சின்னம்மா போன்ல, 'பிள்ளை, வண்டிக்குப் பிரேக் புடிக்கலையாம். டிரைவர் எடுக்க மாட்டேங்குறாரு. சூப்பர்வைசர் ஏறச் சொல்லிச் சத்தம் போடுறாரு'ன்னு சொன்னாங்க."

அரசு வக்கீல் உட்கார்ந்தார். நான் எழுந்தேன். அவள் என்னை நேராகப் பார்த்தாள். பயம் இருந்தது, ஆனால் பார்வையைத் தாழ்த்தவில்லை.

"எடுக்க மாட்டேன் என்று சொன்ன டிரைவரை எடுக்க வைத்தது யார் என்று உங்கள் சின்னம்மா சொன்னாரா?"

"சொன்னாங்க. எடுக்கலைன்னா குவார்ட்டர்ஸக் காலி பண்ணுன்னு சூப்பர்வைசர் சொன்னாராம்."

"வேறு கேள்வி இல்லை" என்று உட்கார்ந்துவிட்டேன். எனக்குப் பின்னால் டிரைவரின் மனைவி மூச்சை இழுத்துவிட்டது கேட்டது.

சாட்சி இறங்க வேண்டியதுதான். அவள் இறங்கவில்லை. "ஐயா, நான் இன்னொண்ணு சொல்லணும். யாரும் கேக்கல" என்றாள். நீதிபதி கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "சொல்லும்மா" என்றார்.

"சின்னம்மா சும்மா போன் பண்ணலைங்க ஐயா. 'நீ சட்டம் படிக்கிற பிள்ளை, நாங்க ஏற மாட்டோம்னு சொல்லலாமா, சொன்னா ஏதும் பண்ணுவாங்களா'ன்னு கேட்டாங்க. நான் கோர்ட்டுக்குக் கெளம்புற அவசரத்துல இருந்தேன். 'ஏறிடுங்க சின்னம்மா, லேட்டாப் போனா அரைப்பேர் போட்டுருவாங்க'ன்னு சொன்னேன். சரின்னு வெச்சுட்டாங்க. போலீஸ்ல இதச் சொல்ல எனக்கு வாய் வரல. முழு உண்மையும் சொல்லுவேன்னு இப்ப சத்தியம் பண்ணிட்டேன். அதான் சொல்றேன்."

அரைப்பேர் என்பது எஸ்டேட் பேச்சு. நேரம் தவறி வந்தால் அன்றைக்குப் பாதிக் கூலிதான் என்று அர்த்தம். லயத்தில் பிறந்த பிள்ளைகள் எழுத்துப் படிப்பதற்கு முன்னாலேயே அந்தச் சொல்லுக்குப் பயப்படக் கற்றுக்கொள்கிறார்கள். வேறு ஊர்ப் பிள்ளையாக இருந்தால் 'ஏறாதீங்க' என்று சொல்லியிருப்பாள். இவளுக்கு முதலில் வாயில் வந்தது அதுதான்.

நீதிபதி அதைச் சொல்லிப் பதிவு செய்ய நேரமாயிற்று. கூண்டின் கட்டையைப் பிடித்திருந்த அவள் கையை எழுந்துபோய்ப் பிடித்துக்கொள்ள வேண்டும்போல் எனக்கு இருந்தது. அவள் எதிர்த்தரப்புச் சாட்சி, வழக்கு முடியவில்லை. உட்கார்ந்த இடத்திலேயே இருந்தேன். ஒரு வருஷமாக அந்தப் பெண் எதைச் சுமந்துகொண்டு திரிந்தாள் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. அன்று மாலை நான் 'சொல்லு' என்று கேட்டிருந்தால் எனக்குப் பயந்து பாதியைச் சொல்லியிருப்பாள். மீதிப் பாதி அவளுக்குள்ளேயே கிடந்து அழுகியிருக்கும்.

வெளியே வந்தபோது வராந்தா பெஞ்சில் தனியாக உட்கார்ந்திருந்தாள். அவள் அம்மா மெதுவாக வந்து எதிரில் நின்றார். நான் தூணுக்கு இந்தப் பக்கம் இருந்தேன், காதில் விழுந்தது.

"அவ ஒன்னயக் கேட்டாளா?"

"ஆமாம்மா."

"ஒன்னயக் கேட்டுட்டுத்தான் ஏறுனாளா?"

"ஆமாம்மா."

அம்மா சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "அவ பொறந்ததுலேருந்து யாரையும் கேட்டு எதையும் செஞ்சவ இல்ல. ஒன்னயக் கேட்டிருக்கா" என்றார். அது குற்றச்சாட்டா ஆறுதலா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அந்த அம்மாவுக்கும் தெரிந்திருக்காது. இரண்டு பேரும் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் நடந்தார்கள்.

தீர்ப்பு வந்தது. குடித்தார் என்பது நிரூபிக்கப்படவில்லை, பெரிய பிரிவு போயிற்று. கவனக்குறைவால் மரணம் விளைவித்ததற்காக டிரைவருக்குத் தண்டனை கிடைத்தது, அனுபவித்துவிட்டு வந்தார். சூப்பர்வைசரையும் குற்றம் சாட்டப்பட்டவராகச் சேர்க்கக் கோர்ட் உத்தரவிட்டது. அந்த வழக்கு இன்னும் நடந்துகொண்டிருக்கிறது. "நீங்க அன்னிக்கு ஒரு வார்த்த அடிச்சுக் கேட்டிருந்தா தீர்ப்புக்கப்புறம் அவரு ஒரு நாள்கூட உள்ள இருந்திருக்க மாட்டாருங்க" என்று டிரைவரின் மனைவி பிறகு என்னிடம் சொன்னார். இருக்கலாம். நெறியோடு நடந்தால் எல்லாருக்கும் நல்லதே நடக்கும் என்று யாராவது உங்களிடம் சொன்னால் நம்பாதீர்கள். சாந்தினியின் சின்னம்மா மகள் இப்போதும் கொழுந்துதான் பறிக்கிறாள்.

வழக்கு முடிந்த பிறகு சாந்தினி என்னைப் பார்க்க வந்தாள். படிப்பை விட்டுவிட முடிவு செய்துதான் சின்னம்மாவின் காரியம் முடிந்து என் அலுவலகத்துக்குத் திரும்பியிருந்தாளாம். புத்தகங்களை எடுத்துப்போக வந்தவள் அதை என்னிடம் சொல்ல முடியாமல் நாளைக் கடத்தியிருக்கிறாள். "நீங்க அன்னிக்குக் கேட்டிருந்தீங்கன்னா சொல்லிட்டு அப்படியே போயிருப்பேன் மேடம். சொல்லாதேன்னு சொன்னீங்க. எனக்குக் கோவமா வந்துச்சு. அப்புறம் குன்னூர் பஸ்ல யோசிச்சேன். தன் கேஸ் கெட்டாலும் பரவாயில்லன்னு ஒருத்தர் என்னையக் காப்பாத்துறாங்கன்னா, இந்தத் தொழில்ல ஏதோ இருக்குன்னு தோணுச்சு" என்றாள்.

இப்போது அவள் கூடலூரில் வக்கீலாக இருக்கிறாள். போன மாதம் அந்தப் பக்கம் போனபோது அவள் அலுவலகத்தில் சற்று நேரம் உட்கார்ந்திருந்தேன். போன் அடித்தது. ஏதோ எஸ்டேட்டிலிருந்து ஒரு பெண், அவசரமாகச் சட்டம் கேட்கிறார். சாந்தினி அவர் பெயரைக் கேட்கவில்லை, வழக்கு என்ன என்று கேட்கவில்லை.

"அக்கா, இப்ப எங்க நிக்கிறீங்க? மொதல்ல அங்கேருந்து தள்ளி வாங்க. நான் லைன்லயே இருக்கேன். சம்பளம் போனாப் போகுது, அத நான் பாத்துக்கறேன்."